சாவியைக் கொடுப்பதற்கு முன்: வாடகை வீடும் சுத்தத்தின் அரசியலும்

(மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)

 

என்னைக் கவிஞர்னு சொல்லித்தான் கூப்பிட்டிருக்கீங்க. கவிதையோட எதிர்காலம், அது இதுன்னு ஒரு தலைப்பு போட்டுக்கலாமான்னு தோழர் கேட்டார். வேண்டாம்னேன். போன மாசம் நான் ஒரு வாடகை வீட்டைக் காலி பண்ணினேன். பன்னிரண்டு வருஷ வங்கி வேலையில் இது ஐந்தாவது வீடு. அதைப் பத்திப் பேசுறேன், பினாயிலைப் பத்தி, ஆணித் துளையைப் பத்தி, அட்வான்ஸைப் பத்திப் பேசுறேன்னு சொன்னேன். தோழர் ஒரு மாதிரியாப் பாத்தார். அப்புறம் "சரி தோழர், பேசுங்க"ன்னுட்டார். அவரும் வாடகை வீட்டுலதான் இருக்கார்.

ஒரு வீட்டை நாம் காலி செய்யும்போது அது இரண்டு முறை கழுவப்படுகிறது. முதல் முறை நாம் கழுவுகிறோம். நாம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு வீட்டுக்காரர் இன்னொரு முறை கழுவுகிறார். முதலாவதற்குச் சுத்தம் செய்தல் என்று பெயர். இரண்டாவதற்குச் சில வீடுகளில் தீட்டுக் கழித்தல் என்று பெயர். எல்லாரும்தான் கழுவுறாங்க, யார் குடிவந்தாலும் பால் காய்ச்சுறாங்க, சாணி தெளிக்கிறாங்க, இதுல சாதி எங்கே வந்ததுன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. அதுக்குத்தான் வரேன்.

முதலில், நாம் வாடகை வீட்டுக்கு எப்படி வந்தோம்? சேரியில் யாருக்கும் யாரும் வீடு வாடகைக்கு விடுவதில்லை. கூரையோ காரையோ, அவரவர் வீடு. கல்யாணம் ஆனால் பக்கத்தில் ஒரு தாழ்வாரம் இறக்கிக்கொள்வார்கள். எங்க ஊர்ல அட்வான்ஸ் என்ற சொல்லை நான் கேட்டதே கிடையாது. 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. அதன் பிறகு வங்கி வேலையில் இடஒதுக்கீடு வந்தது. ரயில்வேயில், தபால் துறையில், பள்ளிக்கூடத்தில் நம்மாட்கள் உட்கார ஆரம்பித்தார்கள். வேலை நகரத்தில் இருந்தது. ஊரும் சேரியுமாகப் பிரிந்த கிராமத்திலிருந்து வந்தவனுக்கு நகரத்தில் சேரி கிடையாது. அதாவது, இருக்கிறது, அதில் அவனுக்கு இடமில்லை. அக்ரகாரத்துக்குப் பின்தெருவிலும் முதலியார் காம்பவுண்டிலும் அவன் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. வேலைக்கு ரோஸ்டர் இருந்தது. வீட்டுக்கு எந்த ரோஸ்டரும் கிடையாது.

கதவைத் தட்டினால் என்ன கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மாணவ நண்பர்களுக்கு இனிமேல் தெரியும். "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகக் கேட்ட காலம் ஒன்று. இப்போது "வெஜ்ஜா நான்வெஜ்ஜா?", "சொந்த ஊர்ல எந்தத் தெரு?", "குலதெய்வம் எது?" என்று கேட்கிறார்கள். ஒரு வீட்டம்மா என்னிடம் "உங்க வீட்ல சுத்தபத்தமா இருப்பாங்களா சார்?" என்று கேட்டார். அந்த "சுத்தபத்தம்" என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் சுத்தம் கொஞ்சம்தான். மீதி எல்லாம் பத்தம். தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் 2012இல் சுகதேவ் தோரட்டும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயரிலும் தலித் பெயரிலும் முஸ்லிம் பெயரிலும் வாடகை வீடு கேட்டார்கள். ஆய்வு 2015இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வந்தது. பெயர் மாறினால் பதில் மாறியது. கிடைத்தவர்களுக்கும் கூடுதல் வாடகை, கூடுதல் நிபந்தனை. நமக்குத் தெரிந்ததுதான், இங்கிலீஷில் அட்டவணை போட்டுச் சொன்னார்கள். சொல்லட்டும், அட்டவணையும் வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னோடி புரட்சியாளர் அம்பேத்கர்தான். 1917இல் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தான வேலைக்கு வந்தார். தங்க இடமில்லை. பார்சிகளுக்கான சத்திரம் ஒன்றில் பார்சிப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு தங்கினார். பதினோராம் நாள் ஆளுக்கொரு தடியோடு பார்சிகள் கூட்டமாக வந்து நின்றார்கள். சத்திரத்தை அசுத்தப்படுத்திவிட்டாய், சாயங்காலத்துக்குள் காலி செய் என்றார்கள். இரண்டு நண்பர்களிடம் போனார். ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர். இருவருமே இடம் தரவில்லை. பம்பாய் ரயிலுக்கு ஐந்து மணி நேரம் இருந்தது. அதைப் பூங்காவில் உட்கார்ந்து கழித்தார். "விசாவுக்காகக் காத்திருத்தல்" என்ற சிறு தன்வரலாற்றுக் குறிப்பில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

அந்தக் குறிப்பில் நான் திரும்பத் திரும்பப் படிக்கிற இடம் வேறு. அந்தச் சத்திரத்தின் மேல்மாடிக் கூடம் எப்படி இருந்தது என்று எழுதுகிறார். உடைந்த நாற்காலி, பெஞ்சு, குப்பை கூளம். வேண்டாத சாமானைப் போட்டு வைக்கிற இடம். மின்விளக்கு கிடையாது. கவனிங்க தோழர்களே, அந்த இடமே குப்பை மேடு. அதில் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படித்த மனிதன்தான் அங்கே அசுத்தம். உடைந்த நாற்காலி அசுத்தம் இல்லை. அழுக்கு என்பது தன் இடத்தில் இல்லாத பொருள் என்று மேரி டக்ளஸ் என்ற மானுடவியலாளர் 1966இல் எழுதிய புத்தகத்தில் விளக்குகிறார். சோறு தட்டில் இருந்தால் சோறு, சட்டையில் இருந்தால் அழுக்கு. சாதி இந்த விதியை மனிதர்மேல் போடுகிறது. சேரியில் இருக்கிற வரைக்கும் நாம் மனிதர் மாதிரி ஏதோ ஒன்று. ஊருக்குள் வீடு எடுத்தால் அழுக்கு. இப்படி வாசித்தால் வாடகை வீட்டை நாம் ஏன் அந்தப் பாடு படுத்திக் கழுவுகிறோம் என்பது விளங்கும்.

எங்கம்மா கழுவுறதைப் பத்திச் சொல்றேன்.

காலி பண்றதுக்கு மூன்று நாள் முன்னாடியே ஊரிலிருந்து பஸ் ஏறி வந்துடுவாங்க. கையில் ஒரு மஞ்சப்பை. அதில் தேங்காய் நார், பழைய வேட்டித் துணி, சோடா உப்பு. "இங்கேயே கிடைக்கும்மா"ன்னா கேக்க மாட்டாங்க. முதல் நாள் பரண். பரணிலிருந்து ஒட்டடை இறங்கும். இரண்டாம் நாள் அடுப்படி. அடுப்புக்கு நேர் மேலே சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். சோடா உப்பை வெந்நீரில் கரைத்துத் தடவி, அரை மணி ஊறவிட்டு, நாரால் தேய்ப்பாங்க. மூன்றாவது தேய்ப்பில் டைல்ஸ் நிறம் தெரியும். பாத்ரூமில் உப்புத் தண்ணிக் கறை. அதுக்கு ஆசிட். ஜன்னலைத் திறந்து வச்சு, முகத்தைத் துணியால கட்டிக்கிட்டு, நீட்டுக் கம்பு பிரஷ்ஷால் தேய்க்கணும். ஆசிட் ஊத்தின இடத்துல பிளீச்சிங் பவுடரைப் போட்டா விஷ வாயு வரும். இதை மட்டும் மாணவர்கள் கட்டாயம் தெரிஞ்சு வச்சுக்குங்க. ஹாஸ்டலுக்கும் உதவும்.

அப்புறம் தண்ணித் தொட்டிப் பாசி. மாடிப்படிக் கம்பி. ஜன்னல் கம்பிக்கு நடுவில் விரல் நுழையாத இடம், அதுக்குப் பழைய டூத் பிரஷ். கடைசியாகத் தரை. பினாயில் போட்டு ஒரு தடவை, வெறும் தண்ணியில் ஒரு தடவை. வாசல்படியில் உட்கார்ந்து ஒரு தடவை பார்ப்பாங்க. "ஒரு சொல்லு சொல்லக்கூடாதுடா."

இந்த "ஒரு சொல்லு" என்ன சொல் என்று அம்மா ஒரு நாளும் விளக்கியதில்லை. எனக்கும் கேட்க வேண்டிய தேவை இருந்ததில்லை. அவங்க ஆண்டை வீட்டு மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளினவங்க. வாசல் தெளிச்சவங்க. களத்துமேடு கூட்டினவங்க. அந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே போனதில்லை. வெளியே எவ்வளவு கூட்டினாலும் உள்ளே போகும் சுத்தம் அவங்களுக்கு வரவில்லை. எனக்கு வேலை கிடைத்து, ஊர்த்தெருக்காரன் கட்டிய வீட்டில் குடியேறியபோதுதான் இன்னொரு சாதிக்காரன் அடுப்படிக்குள் முதல் தடவையாகக் கால் வைத்தாங்க. நாற்பது வருஷம் வெளியே நின்று கூட்டின கை, உள்ளே வந்ததும் தேய்க்கிறது. யாரும் சொல்லாமலே தேய்க்கிறது. இதை வேலை சுத்தம் என்று பாராட்ட எனக்கு மனசு வரவில்லை. அடிமைத்தனம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் எங்கம்மா நார் வச்சுத் தேய்ச்சுக்கிட்டிருக்காங்க.

போன மாசம் நடந்ததைச் சொல்கிறேன். ஊரின் பெயரும் வீட்டுக்காரர் பெயரும் வேண்டாம். எல்லா ஊரிலும் இருக்கிற ஆள்தான். வாடகை 9,000. அட்வான்ஸ் 70,000. நான்கு வருஷம் ஒரு நாள் வாடகை தள்ளிப் போனதில்லை. முதல் ஒன்றரை வருஷம் "சார்" என்றுதான் கூப்பிட்டார். ஒரு நாள் மோட்டார் ரிப்பேருக்கு உள்ளே வந்தவர் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த அம்பேத்கர் படத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மோட்டாரைப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த மாசத்திலிருந்து "என்னப்பா" ஆனேன். அவர் வீட்டம்மா கொடுக்கும் பொங்கல் தட்டு நின்றது. குழந்தை மாடியில் விளையாடக் கூடாது, தண்ணி காலை ஒரு மணி நேரம்தான், மீன் வறுத்தா ஜன்னலைச் சாத்தணும். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சாதாரண வீட்டுக்காரச் சட்டம்தான். கோர்ட்டில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். கடைசியில் "பையனுக்குக் கல்யாணம், வீடு வேணும்" என்றார். பையன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான்.

சாவி கொடுக்கும் நாள் டார்ச்லைட்டோடு வந்தார். பட்டப்பகலில். மூலை மூலையாக அடித்துப் பார்த்தார். அம்மா தேய்த்த அடுப்படியில் அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கக்கூஸில் கிடைக்கவில்லை. கூடத்துக்கு வந்தார். நான்கு வருஷம் படம் மாட்டிய இடத்தில் சுவர் வெளுப்பாக, சதுரமாக, படத்தின் அளவுக்கு அப்படியே புதுசாக இருந்தது. சுற்றிலும் மங்கல். ஆணித் துளையை நான் வெள்ளை சிமெண்ட் வைத்து அடைத்திருந்தேன். அவர் துளையைத் தேடவில்லை. அந்தச் சதுரத்தையே பார்த்தார். "இது போகாதேப்பா. கூடம் முழுக்க அடிக்கணும். பெயிண்ட், ஆள்கூலி, 18,000 பிடிச்சிக்கிறேன்."

காலண்டர் மாட்டினாலும் அந்த அடையாளம் விழும். முருகன் படம் மாட்டினாலும் விழும். பக்கத்து போர்ஷனில் இருந்தவர் ஏழுமலையான் படம் மாட்டி அதே மாதிரி அடையாளத்தோடு காலி செய்தார். அவரிடம் ஒரு மாச வாடகைதான் பிடித்தார். மீதி 9,000 எதுக்கு? இன்னும் ஒன்று. "போறதுக்கு முன்னாடி செப்டிக் டேங்க்கை எடுத்துக் குடுத்திரு. உங்க பக்கத்து ஆளுங்க யாராவது இருப்பாங்களே." இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. கடையில் உப்பு கேட்கிற மாதிரி கேட்டார்.

நான் சொன்னேன்: செப்டிக் டேங்க் அடைக்கவில்லை. எடுக்க வேண்டுமானால் லாரி கூப்பிடுங்கள், ரசீது கொடுங்கள், என் பங்கைத் தருகிறேன். ஆளை இறக்குவதற்கு நான் ஏற்பாடு செய்ய மாட்டேன். நீங்கள் செய்தாலும் குற்றம். மனிதரைக் கொண்டு மலம் அள்ளும் வேலையைத் தடை செய்த சட்டம் 1993லேயே வந்தது. 2013 சட்டம், பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்க்கிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கும் அபாயகரமான வேலைக்கு எந்தத் தனிமனிதரும் ஆள் வைக்கக்கூடாது என்கிறது. முதல் தடவையே இரண்டு வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். செத்தால் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று உச்சநீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023இல் அதை முப்பது லட்சம் ஆக்கியது. இதையெல்லாம் அவரிடம் ஒப்பித்தேன். வங்கி வேலையில் ஒரு நல்லது, எண்களைத் தடுக்காமல் சொல்ல வரும். டார்ச்சை அணைத்தார்.

இந்தக் கதையின் அடுத்த பகுதியை நான் கண்ணால் பார்க்கவில்லை. எதிர்வீட்டு அக்கா ஒருத்தங்க என் துணைவிகிட்ட போனில் சொன்னாங்க. நாங்கள் கிளம்பின மறுநாள் விடியற்காலை ஐயர் வந்தாராம். மஞ்சள் தண்ணி, கோமியம். அடுப்படியில் ஓமம். அம்மா மூன்று தடவை தேய்த்த அந்த டைல்ஸ் மேல் மாட்டு மூத்திரம் தெளித்துச் சுத்தம் செய்தார்களாம்! என் துணைவி சொல்லிட்டுச் சிரிச்சாங்க. "அத்தைகிட்ட சொல்லிடாதீங்க"ன்னாங்க. சொல்லலை.

பக்கத்து போர்ஷன் காலியானபோது ஐயர் வரவில்லை என்பதையும் அந்த அக்காவே சொன்னாங்க. எல்லாரும்தானே கழுவுகிறார்கள் என்ற கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்.

இது ஏதோ ஒரு சில்லறை வீட்டுக்காரரின் மூடத்தனம் என்று விட முடியாது. 1927 மார்ச்சில் மகத்தில் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் சவுதார் குளத்துத் தண்ணீரைக் குடித்தார்கள். அவர்கள் போன பிறகு சாதி இந்துக்கள் 108 பானைத் தண்ணீரை மொண்டெடுத்து, சாணம், கோமியம், பால், தயிர் கலந்து, மந்திரம் சொல்லிக் குளத்தில் ஊற்றிச் "சுத்தம்" செய்தார்கள். சாணியும் மூத்திரமும் ஊற்றிய தண்ணீரைச் சுத்தமானது என்று குடித்தார்கள், சிரிக்காதீங்க, உண்மை. 1978இல் ஜெகஜீவன்ராம் காசியில் ஒரு சிலையைத் திறந்துவைத்தார். நாட்டின் பாதுகாப்பு அமைச்சர். அவர் போனதும் சிலையைக் கங்கைத் தண்ணீரால் கழுவினார்கள். 1998இல் அலகாபாத்தில் ஒரு நீதிபதி தன் அறையைக் கங்கைத் தண்ணீர் தெளித்துச் சுத்திகரித்ததாகச் செய்தி வந்தது. காரணம், அவருக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர் தலித் நீதிபதி. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 1999 அறிக்கையில் இதைப் பதிவு செய்திருக்கிறது. அமைச்சருக்கும் நீதிபதிக்கும் இந்தக் கதி என்றால் கிளார்க்குக்கு ஓமம் வளர்த்ததே கொஞ்சம் கூடுதல் மரியாதைதான்.

இவர்களுடைய கழுவலுக்கும் அழுக்குக்கும் சம்பந்தமில்லை. அறை அழுக்காக இருந்தது என்று அந்த நீதிபதி சொல்லவில்லை. குளம் நாறியது என்று மகத் பார்ப்பனர்கள் சொல்லவில்லை. அதனால்தான் நாம் எவ்வளவு கழுவினாலும் இரண்டாம் கழுவல் நடக்கிறது. அம்மாவின் நாருக்கும் சோடா உப்புக்கும் எட்டாத அழுக்கு அது. அது அந்த வீட்டுச் சுவரில் இல்லை, அவர்கள் சாஸ்திரத்தில் இருக்கிறது.

இதை ஒரு இளம் தோழரிடம் சொன்னபோது அவர் கொதித்துப் போனார். "அப்புறம் எதுக்குத் தோழர் கழுவுறீங்க? நாற அடிச்சிட்டு வரணும். மாட்டுக் கொழுப்பை உருக்கி அடுப்படி பூரா பூசிட்டு வந்திருக்கணும். அதுதான் கலகம்"னார். இந்த யோசனையை நான் லேசாகத் தள்ளவில்லை. அவர்களுடைய புனிதத்தைக் குலைப்பது ஓர் அரசியல்தான். அதை எழுத்தில் செய்கிறோம், பேச்சில் செய்கிறோம், பறையில் செய்கிறோம். நானும் இரண்டு கவிதை அப்படி எழுதியிருக்கிறேன். ஆனால் வீட்டு விஷயத்தில் ஒன்றை யோசியுங்கள். நாம் நாற அடித்துவிட்டு வந்தால் அதை யார் கழுவுவது? வீட்டுக்காரர் குனிவாரா? ஐயர் நார் எடுப்பாரா? ஐயர் தெளிப்பார், தேய்க்க மாட்டார். பக்கத்துக் குடிசைப் பகுதியிலிருந்து ஒரு அம்மாவைக் கூப்பிட்டு, 300 ரூபாய் கையில் கொடுத்து, வாளியையும் பிளீச்சிங் பவுடரையும் கொடுப்பார்கள். அந்த அம்மா யார்? நம் கலகத்தின் நாற்றத்தை எங்கம்மா மாதிரி ஒருத்தங்க முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு தேய்க்க வேண்டி வரும். நாம் தூக்கி எறிகிற மலம் சுற்றிச் சுற்றி நம் தலையிலேயே விழும்படிதான் இந்த ஊரின் சாக்கடை வெட்டப்பட்டிருக்கிறது.

மறுபக்கம், சுத்தத்தையே மோட்சமாகச் சொல்கிற ஒரு பேச்சும் உண்டு. துப்புரவுத் தொழிலைத் தெய்வீகப் பணி என்று காந்தி சொன்னதை அம்பேத்கர் 1945இல் எழுதிய நூலில் கிழித்துப் போட்டார். 2014 அக்டோபர் 2ஆம் தேதி தூய்மை இந்தியா என்று சொல்லிப் புதுத் துடைப்பத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். துடைப்பத்தில் தூசியே இல்லை. குனிந்து பழகாதவன் துடைப்பம் பிடித்தால் எப்படி இருக்கும் என்பதை அந்தப் படங்களில் பார்க்கலாம்.

ஆக, நாற அடிப்பதும் இல்லை, பயந்து தேய்ப்பதும் இல்லை. நான் ஒரு வீட்டை எடுத்தபோது இருந்த நிலையில் திருப்பிக் கொடுக்கிறேன். குடியிருந்தவன் என்ற முறையில் கொடுக்கிறேன். அவ்வளவுதான் என் கடன். இதைச் சொல்வது சுலபம். அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். "நீ படிச்சவன், பேசுவ. அவன் பேசுறது என் காதுலதான் விழும்" என்பாங்க.

இங்கே ஆண் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீடு காலி பண்ணும் நாள்ல நாம என்ன பண்றோம்? லாரிக்குப் பேசுறோம். பீரோவுக்கு ஒரு பக்கம் கை கொடுக்கிறோம். டீ வாங்கப் போறோம். வீட்டுக்காரர்கிட்ட சட்டம் பேசுறோம். பரண்மேல ஏறுறது யாரு, கக்கூஸ் கழுவுறது யாரு? தலித் வீட்டுக்குள்ளேயும் ஒரு சேரி இருக்கு, அது பெரும்பாலும் பாத்ரூம் பக்கம் இருக்கு. எங்க வீட்டுல கக்கூஸ் என் பொறுப்பு, கல்யாணமான நாள்லேருந்து. இதைப் பெருமைக்குச் சொல்லலை. பெருமைக்குச் சொன்னா என் துணைவி இங்கேயே எழுந்து நின்னுடுவாங்க, மூணாவது வரிசைல உட்கார்ந்திருக்காங்க.

இனி சட்டம். சலிப்பான விஷயம், ஆனால் காசு இங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பழைய 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017இல் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிப் புதுச் சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்காரர்களுக்குச் சாதகமான சட்டம் என்று விமர்சனம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனாலும் அதில் நமக்குப் பயன்படுகிறதை எடுத்துக்கொள்ள வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்பது பொது விதி. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பாருங்கள். யார் எதைச் செய்ய வேண்டும் என்று பட்டியல் இருக்கிறது. குழாய் வாஷர், வடிகால் சுத்தம், சுவிட்ச், தாழ்ப்பாள், உடைந்த கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் கணக்கு. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் வீட்டுக்காரர் கணக்கு. சாதாரணமாகப் புழங்குவதில் வரும் தேய்மானத்துக்குக் குடியிருந்தவர் பொறுப்பில்லை. நான்கு வருஷம் ஒரு படம் மாட்டியிருந்தால் விழுகிற அடையாளம் சாதாரணத் தேய்மானம். அந்தப் படத்தில் இருப்பவர் அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவர் என்பதால் அது சேதாரம் ஆகிவிடாது.

சாதியைச் சொல்லி வீடு மறுத்தால் என்ன? 1955ஆம் வருஷத்துக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ தீண்டாமையின் பேரால் தடை போடுவது குற்றம் என்கிறது. எழுபது வருஷமாக இருக்கிறது. ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சிறை, அபராதம் 100லிருந்து 500 ரூபாய் வரை. ஆமாம், ஐநூறு ரூபாய். நம் வீட்டு சிலிண்டர் அதைவிட விலை அதிகம். ஆனால் அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு முக்கியம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியாக இருந்தால், அந்தச் செயல் தீண்டாமையின் அடிப்படையில்தான் நடந்தது என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். குடியிருக்கிற வீட்டை விட்டு நம்மைக் கட்டாயப்படுத்தி வெளியேற்றினால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. இவற்றை வைத்து எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. காவல் நிலையத்தில் எழுத்தரும் யாரோ ஒருவருக்கு வீட்டை வாடகைக்கு விட்டவராகத்தான் இருப்பார்.

நான் செய்தது இது. குடிபோன நாளிலேயே எல்லாச் சுவரையும், குழாயையும், கக்கூஸையும் செல்போனில் தேதியோடு படம் எடுத்து வைத்திருந்தேன். காலி செய்த நாளிலும் அதே இடங்களில் நின்று எடுத்தேன். அட்வான்ஸையும் வாடகையையும் முழுக்க வங்கி மூலம் கொடுத்திருந்தேன், கையில் கொடுக்கவில்லை. 18,000 பிடித்ததற்கு வேலைக்கான ரசீது கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். அதில் சாதியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. இரண்டாம் அட்டவணையை மட்டும் எழுதினேன். பக்கத்து போர்ஷனுக்கு எவ்வளவு பிடித்தார் என்பதையும் எழுதினேன். பத்து நாளில் 9,000 கணக்கில் ஏறியது. கடிதமோ பதிலோ இல்லை. மீதி 9,000க்கு இரண்டாவது கடிதம் போயிருக்கிறது.

"சாதியை ஏன் தோழர் எழுதலை?"ன்னு அந்த இளம் தோழர் மறுபடி கேட்டார். அந்த ஓமத்தை வைத்து வழக்குப் போட முடியாதா என்றார். தன் வீட்டில் ஓமம் வளர்க்க அவருக்கு உரிமை இருக்கிறது என்று சொல்லித் தப்பிப்பார். எதிர்வீட்டு அக்கா சாட்சிக்கு வர மாட்டாங்க, அவங்களும் அங்கே வாடகைக்கு இருக்கிறவங்க. எனக்கு வேண்டியது பணம் மட்டுமில்லை, உண்மைதான். ஆனால் பணமும் வேண்டும். அது என் சம்பளம். நம் ஆட்கள் நிறையப் பேர் "அவன் மூஞ்சியிலயே முழிக்கக் கூடாது" என்று அட்வான்ஸில் பிடித்ததைக் கேட்காமல் வந்துவிடுகிறார்கள். மானம் என்று நினைத்து விடுகிறார்கள். வீட்டுக்காரர்கள் அந்த மானத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

தனி ஆளாகக் கடிதம் போட்டால் 9,000 வரும். இந்த நகரத்தில் வாடகைக்கு இருக்கிற நம் ஆசிரியர்கள், நர்சுகள், கிளார்க்குகள், கல்லூரி மாணவர்கள் எல்லாம் சேர்ந்தால் எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியாது. எந்தத் தெருவில் யார் மறுத்தார்கள், யார் எவ்வளவு பிடித்தார்கள் என்று ஒரு நோட்டு போட்டு எழுத ஆரம்பிக்கலாம். புதிதாக வேலைக்கு வருகிற நம் பிள்ளை, கதவு கதவாகத் தட்டி "என்ன ஆளுங்க" என்ற கேள்விக்குப் பதில் தேடாமல், முதலில் அந்த நோட்டைப் பார்க்கட்டும். இரண்டு தோழர்கள் கூடப் போகட்டும்.

புது வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. முதல் நாளே கூடத்தில் ஆணி அடித்தோம். சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாங்க. படத்தைப் பார்த்தாங்க. "யார் சார் அது, உங்க தாத்தாவா?"ன்னாங்க. நான் பதில் சொல்றதுக்குள்ள அம்மா "ஆமாம்மா"ன்னுட்டாங்க. அந்த அம்மாவுக்கு நிஜமாவே தெரியாதா, தெரிஞ்சே கேட்டாங்களான்னு இன்னும் எங்களுக்குள்ள வாதம் நடந்துக்கிட்டிருக்கு.

தோழர் சீட்டு கொடுத்துட்டார், நேரம் முடிஞ்சது. இரண்டாம் அட்டவணையையும் நான் அனுப்பின கடிதத்தின் மாதிரியையும் தமிழில் எழுதி நாற்பது நகல் எடுத்து வந்திருக்கேன். வாசல்ல மேசைமேல இருக்கு. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. ஹாஸ்டல் மாணவர்கள் இரண்டு எடுத்துக்குங்க, ஒண்ணு அறை நண்பருக்கு. கேள்வி இருந்தா இப்பக் கேளுங்க.